யாருக்கு வைத்த பொறி? தமிழர் எலிப்பொறி மரபும் அதன் அறிவாளரும்

முன்னுரை

தமிழர் வேளாண் வரலாற்றில் ஏர், ஏற்றம், மடை, கலிங்கு ஆகியவை பற்றி விரிவான ஆய்வுகள் உண்டு. விளைவித்த கருவிகளுக்குக் கிடைத்த அந்தக் கவனம், விளைந்ததைக் காத்த கருவிகளுக்குக் கிடைக்கவில்லை. வயலிலும் தோட்டத்திலும் எலிக்கு வைக்கப்பட்ட பொறிகள் இவ்வகையைச் சார்ந்தவை. மூங்கில், நாண், கல், மண்பானை என்னும் எளிய பொருள்களால் ஆனமையால் அவை நெடுங்காலம் நிலைப்பதில்லை. அவற்றை வைத்தவர்களின் பெயர்களும் ஏடுகளில் ஏறுவது அரிதாகவே இருந்தது.

இக்கட்டுரை அப்பொறிகளின் முழு வரலாறு அன்று. சங்கப் பாடல்கள், குடியேற்றக்கால ஆவணங்கள், தமிழகத்தின் வயல்வெளி, ரொறன்ரோவின் வீட்டுத்தோட்டம் ஆகிய நான்கு களங்களில் ஒரே வினாவை இது எழுப்புகிறது: பொறி யாருக்காக வைக்கப்பட்டது, அதில் அகப்பட்டது யார்? இவ்விரண்டும் ஒன்றாக அமைவது, வைப்பவரின் அறிவைப் பொறுத்தது. அவ்வறிவு கூலிக்கணக்காகவும் உணவுப் பழக்கமாகவும் மட்டுமே பதிவானமையால், அறிவு என்ற மதிப்பை அது பெறாமலே போயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் கோடைதோறும் கத்தரியும் புடோலும் பாகலும் பயிரிடுகிறோம். ஓர் ஆண்டு தக்காளிகள் தொடர்ந்து கடிபட்டன. கடையில் மூன்று விற்பொறிகள் வாங்கி, மாலையில் பந்தலின் கீழ் வைத்தேன். மறுநாள் முற்பகலில் போய்ப் பார்த்தபோது ஒன்றில் எலி இல்லை. முதுகில் வரிகளுடைய சிறிய சிப்மங்க் ஒன்று இறந்து கிடந்தது. யாழ்ப்பாணத்து முற்றத்து அணிலை நினைவூட்டும் உயிர் அது. அயல்வீட்டில் மகளுடன் வாழும் முதியவர் ஒருவர் வேலியோரம் நின்று அதைப் பார்த்தார். மன்னார்குடிப் பக்கத்தவர். “தடம் பாக்காம வெச்சிருக்கீங்கய்யா” என்றார். இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட விளக்கம் எனலாம்.

சொற்களும் சங்கச் சான்றுகளும்

பொறி என்பது பொதுச்சொல். அடார் என்பது சங்ககாலச் சிறப்புச் சொல். பெருங்கல் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, சிறிய தாங்கியால் தடுத்து, இரையைத் தொட்டவுடன் கல் விழுமாறு அமைக்கும் கற்பொறி அது. நற்றிணையின் 119ஆம் பாடலில் தினைப்புனத்தை உழக்கும் பன்றிக்காகப் புனவன் அடார் வைக்கிறான். அதில் வலிய புலி அகப்படுகிறது. தலைவனுடைய நாட்டின் வளத்தைச் சொல்வதற்காக அமைந்த காட்சி இது. எனினும் வேளாண் வரலாற்றாளருக்கு அது வேறொரு செய்தியையும் தருகிறது. பொறி ஒருவருக்காக வைக்கப்பட, மற்றொருவர் அகப்படலாம் என்பதை அக்காலத்தவர் நன்கறிந்திருந்தனர்.

எலியைப் பற்றிய சங்கப் பதிவுகளுள் புறநானூற்றின் 190ஆம் பாடல் முதன்மையானது. சோழன் நல்லுருத்திரன் பாடியதாகக் கூறப்படும் அப்பாட்டில், விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையில் நிறைத்துவைக்கும் எலி, ஈயாது சேர்ப்பவருக்கு உவமையாகிறது. புலியோ பெருமித வாழ்வுக்கு உவமையாகிறது. அறம் உரைக்க வந்த பாட்டாயினும் அதன் கவனிப்பு துல்லியமானது. வயலெலி கதிரைத் துணித்து வளையில் சேமிப்பது இன்றைய விலங்கியலும் உறுதிப்படுத்தும் செய்தி. திருக்குறளின் 763ஆம் குறளிலும் எலிக் கூட்டம், ஒரு நாகத்தின் மூச்சுக்கு நில்லாத எளிய பகையாகவே வருகிறது. எலியின் செயலைக் கூர்ந்து நோக்கியும், எலியை இழிவுக்கு உவமையாக்கியும் வந்த இவ்விரட்டைப் போக்கு, பிற்காலத்தில் எலி பிடித்த மனிதர்மீதும் படிந்தது.

காவிரிப் படுகையில் வழங்கும் கிட்டி என்னும் சொல் தனிக் கவனத்துக்குரியது. அங்கு அது மூங்கிலாலான எலிப்பொறியைக் குறிக்கும். அதே சொல், கோல்களுக்கிடையே விரல்களை வைத்து இறுக்கும் வதைக்கருவிக்கும் பெயராக இருந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டுவதற்காகக் குடியானவர்கள் வதைக்கப்பட்டதை விசாரித்த ஆணைக்குழு 1855இல் அளித்த அறிக்கை, பரவலாகக் கையாளப்பட்ட வதைமுறைகளுள் கிட்டியையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இறுக்கிப் பிடிப்பது என்ற பொதுப்பொருளிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கலாம். எவ்வாறாயினும், விளைந்ததில் ஒரு பங்கை எடுத்த எலிக்கு வைத்த கருவியும், விளைந்ததில் பெரும் பங்கைக் கேட்ட அரசு குடியானவனுக்கு வைத்த கருவியும் ஒரே பெயரால் வழங்கியமை, அந்நூற்றாண்டின் நிலவுறவைக் காட்டும் சொற்சான்றாகும்.

குடியேற்றக்கால ஆவணங்களில் எலி பிடிப்போர்

சென்னை ஆட்சிப் பணியாளரும் இயற்கை ஆய்வாளருமான வால்டர் எலியட், தென் மராட்டப் பகுதியின் பாலூட்டிகள் பற்றி 1839இல் வெளியிட்ட பட்டியலில் வயலெலியைப் பற்றி எழுதுகிறார். குளம் வெட்டும் தொழிலாளரான ஒட்டர்கள் இவ்வெலியைப் பெருந்தொகையில் உணவுக்காகப் பிடிப்பதையும், அறுவடைக் காலத்தில் வளைகளைத் தோண்டித் தானியத்தை எடுப்பதையும், வாய்ப்பான இடங்களில் அப்பருவம் முழுவதும் பெரும்பாலும் அதைக்கொண்டே வாழ்வதையும் அவர் பதிவுசெய்தார். ஒரு வளையில் அரைச் சேர் தானியம்வரை கிடைக்கும் என்பதும் அவர் தரும் கணக்கு. புறநானூற்று எலியின் சேமிப்பு இங்கு அளவுடன் வந்துவிடுகிறது. ஆயினும் எந்த வளையில் தானியம் இருக்கும் என்பதை அம்மக்கள் எவ்வாறு அறிந்தனர் என்ற வினா அங்கு எழவில்லை. அவர்கள் பார்த்தறிந்தது விலங்கியல் நூலுள் விலங்கின் இயல்பாகப் புகுந்தது. அதைச் சொன்னவர்கள் உண்பவர்களாக மட்டும் எஞ்சினர்.

இலங்கையில் இதே முறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1845 முதல் 1850 வரை அங்குக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் கோப்பி எலியைப் பற்றி எழுதுகிறார். மலைக்காட்டில் வாழ்ந்த இவ்வெலி நெலுச் செடியின் விதைகளை உண்பது. நெலு நம் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் இனங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து விதைத்து மடிபவை. வழக்கமான உணவு குன்றியபோது எலிகள் கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களில் புகுந்து மொட்டுகளையும் பூக்களையும் தின்றன. ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம்வரை கொல்லப்பட்டன என்று டெனன்ற் கூறுகிறார். தொடர்ந்து, தென்னிந்தியத் தொழிலாளர் எலியிறைச்சியை மிக விரும்புவதால் எலித்தொல்லை மிகுந்த பகுதிகளையே வேலைக்குத் தெரிவுசெய்வர் என்றும், அதை எண்ணெயில் பொரித்தோ கறியாக்கியோ உண்பர் என்றும் எழுதுகிறார்.

இக்குறிப்பை அத்தொழிலாளரின் வரலாற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து வந்து, மன்னார்க் கரையேறி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்கள். வழியில் இறந்தோர் பலர். கங்காணியின் முற்பணமும் அரிசிக்கான கழிப்பும் போக, கூலியாகக் கையில் வந்தது சிறிது. கடன் பற்றிய துண்டுச்சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அவர்களுடன் சென்றது. இந்நிலையிலிருந்த மனிதர் எங்கு வேலை செய்வது என்று தெரிவுசெய்தது எந்த அளவுக்கு உண்மை என்பது ஐயத்துக்குரியது. அவ்வாறு தெரிவுசெய்திருப்பினும், கடன் ஏறாத ஒரே புரதத்தை நாடிய செயலாக அதைக் காண இடமுண்டு. ஆயிரம் எலிகளைப் பிடிக்கத் தெரிந்த கைகள் யாருடையவை என்பதை ஆவணம் கேட்கவில்லை. தோட்டத்தைக் காத்த உழைப்பு, நாவின் விருப்பமாக எழுதப்பட்டது. எலிக்கு வைத்த பொறியில் தொழிலாளியின் பெயர் அகப்பட்டது. இழிசொல்லாக அது பல தலைமுறை நீடித்தது.

கொள்ளைநோயும் வால்கணக்கும்

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியது. 1898இல் போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து தெள்ளின் வழியே நோய் பரவுகிறது என்னும் விளக்கத்தை முன்வைத்தார். அடுத்த பத்தாண்டில் அது நிறுவப்பட்டதும், எலிப்பொறி நகராட்சிச் சுகாதாரத்தின் கருவியாயிற்று. பொறிகளில் அகப்பட்ட எலிகள் பெருந்தொகையில் ஆய்வுகூடங்களுக்குச் சென்றன. 1914இல் கொழும்பிலும் கொள்ளைநோய் புகுந்தது. 1930களில் கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த கொள்ளைநோய் ஆய்வு, எலிகளையும் அவற்றின் தெள்ளுகளையும் கணக்கிட்டு, தமிழக வட்டாரம் ஒன்றை உலக மருத்துவ இலக்கியத்தில் இடம்பெறச் செய்தது.

இக்காலத்தில்தான் எலி எண்ணிக்கையாக மாறியது. தலைக்கு இவ்வளவு, வாலுக்கு இவ்வளவு என்று கூலி தருவது பல நாடுகளில் வழக்காயிற்று. அதன் விளைவுக்கு 1902இல் ஹனோயில் நிகழ்ந்தது நன்கறியப்பட்ட சான்று. வாலுக்குப் பணம் தந்தபோது வாலறுந்த எலிகள் நகரில் உயிரோடு ஓடின. வருவாய்க்காக எலி வளர்த்தவர்களும் இருந்தனர். மக்களின் வஞ்சகத்துக்கு எடுத்துக்காட்டாக இது சொல்லப்படுவதுண்டு. எலி எங்கு, ஏன் பெருகுகிறது என்ற அறிவுக்கு விலை வைக்காமல் வாலுக்கு மட்டும் விலை வைத்தால் வாலே வந்து சேரும் என்பதும் அதில் அடங்கிய பாடம்.

கிட்டியும் புகைப்பானையும்

தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைத் துறையினரும் வழங்கும் பொறியின் அமைப்பு எளியது. மூங்கில் சிம்பை வில்லாக வளைத்து நாண் பூட்டி, இரை வைத்த சிறு தடுப்பால் அதை நிறுத்துவர். எலி இரையை இழுத்ததும் தடுப்பு விலக, வில் நிமிர்ந்து இறுக்கிவிடும். பொரி, அரிசி, கருவாடு ஆகியவை இரையாகும். மாலையில் வைத்து விடியலில் எடுப்பர்.

கருவியை ஒரு நாளில் செய்யப் பழகலாம். வைக்கப் பழகுவதற்குப் பருவங்கள் வேண்டும். இதை விளக்கியவர் முன்னுரையில் குறிப்பிட்ட அயலவர். இளமையில் சம்பா, குறுவைப் பருவங்களில் பிடித்த எலிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலிக்குக் கிட்டி வைத்தவர் அவர். முதல் நாள் மாலை வரப்பிலுள்ள வளைவாய்களை எல்லாம் சேற்றால் அடைப்பர். மறுநாள் திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். புதுமண் குவிந்திருப்பது, நெற்றூர் சாய்வாக வெட்டுண்டிருப்பது, புழுக்கை, புல் அழுந்திய தடம் ஆகியவற்றைக்கொண்டு எலி போகும் வழியை அறிவர். புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்குவதால், முதலிரு நாள் வில்லேற்றாமல் இரையை மட்டும் வைப்பர். மூன்றாம் நாளே நாண் ஏறும். பயிர் கதிர் கட்டுமுன் செய்வதே பயன் தரும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். எலியின் புதுமை அச்சம், நச்சில்லா முன்னிரை, குடியுள்ள வளைகளைக் கணக்கிடுதல் என்று வேளாண் நூல்கள் இன்று கூறுவனவற்றோடு இவை முற்றிலும் ஒத்துள்ளன.

வடமாவட்டங்களின் இருளர் மரபு வேறுவகையானது. அவர்கள் வளையைத் தேர்ந்து, ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையச்செய்து, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்தி எலியைப் பிடித்தனர். சூட்டுக்காயமும் மூச்சுத்தொல்லையும் இத்தொழிலின் விலை. 1970களில் பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டு வாழ்வு குலைந்தபின், 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. எலி பிடிப்போருக்கோ மாற்றம் மெல்லவே வந்தது. கையால் சுழற்றும் எஃகுப் புகையூட்டியை அவர்களுக்கெனச் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று உருவாக்கி, அதற்காக 2003இல் உலக வங்கியின் மேம்பாட்டுச் சந்தைப் பரிசைப் பெற்றது. கருவி மாறியது, எந்த வளையில் புகையூட்டுவது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

இவ்விரு மரபுகளுக்கும் போட்டியாக வந்தது நஞ்சு. துத்தநாகப் பாஸ்பைடு, பொரி அல்லது அரிசி 49 பங்கு, எண்ணெய் 1 பங்கு, நஞ்சு 1 பங்கு என்ற கலவையாக வயலுக்கு வந்தது. அமெரிக்காவில் 1948 முதல் எலிநஞ்சாக விற்கப்பட்ட வார்ஃபரின், குருதி உறைவதைத் தடுத்துக் கொல்லும் நஞ்சுகளின் வரிசையைத் தொடங்கிவைத்தது. அவ்வரிசையில் பின்னர் வந்தவை நஞ்சுண்ட எலியின் உடலில் நெடுநாள் தங்குபவை. அவ்வெலியைத் தின்ற ஆந்தையும் நஞ்சேறி மடிகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்ற பழமொழிக்கு இதனினும் நெருங்கிய விளக்கம் தேவையில்லை. இன்று வயலில் ஆந்தை வந்தமரத் தாங்கிகள் நடுமாறு உழவர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது.

ரொறன்ரோவின் தோட்டத்தில்

நான் வாங்கிய விற்பொறியும் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டதே. இலினோயைச் சேர்ந்த வில்லியம் ஹூக்கர் 1894இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கம்பிவில் பொறியும், 1890களின் இறுதியில் லீட்ஸ் நகரின் ஜேம்ஸ் ஹென்றி அற்கின்சன் ஆக்கிய பொறியும் அதன் முன்னோடிகள். பொறிமுறையில் இது கிட்டியின் உறவினம்; இரண்டிலும் அடக்கிய வில்லின் விசையே இறுக்குகிறது. வேறுபாடு வைப்பவரிடம் உள்ளது. ஆலைப்பொறி எவர் கையிலும் எவ்விடத்திலும் ஒரேபோல் இயங்கும். தடம் பார்த்தறிந்த கையை அது எதிர்பார்ப்பதில்லை.

ஒன்ராறியோவில் இவ்வெதிர்பார்ப்பைச் சட்டம் ஓரளவு நிரப்புகிறது. 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிப்மங்கைச் சிறப்பாகப் பாதுகாக்கப்படும் விலங்குகளின் பட்டியலில் வைத்துள்ளது. தோட்டத்தைச் சேதப்படுத்தும் விலங்கை உயிருடன் பிடித்தால், 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள் விடுவித்தல் வேண்டும். இவற்றைச் சிப்மங்க் இறந்த பின்னரே வாசித்தேன்.

அயலவர் சட்டத்தை வாசித்தவர் அல்லர். ஆனால் மறுநாள் மாலை வந்து பந்தலின் கீழ்க் குனிந்து பார்த்தார். மதிலோரம் தடம் இல்லை, வளைவாய் அகலவில்லை, தக்காளி கடிபட்டது பகலில், கடித்தது மேலிருந்து வந்த அணில் என்று வரிசையாகச் சொன்னார். என் வேண்டுகோளுக்காகத் தக்காளிக்கு ஊன்றியிருந்த மூங்கிலைப் பிளந்து, நைலோன் கயிற்றை நாணாகக் கட்டி, ஒரு கிட்டியைச் செய்தும் காட்டினார். வைக்க மட்டும் மறுத்துவிட்டார். “இங்க கிட்டி வெச்சா அணிப்பிள்ளைதான்யா மாட்டும். வலைய போத்துங்க, போதும்” என்றார். வலை போர்த்தினோம், கடி நின்றது. அவருடைய கிட்டியறிவின் பெறுபேறு, கிட்டியை வைக்காமையே.

முடிவுரை

நற்றிணைப் புனவனின் அடாரில் புலியும், வரிதண்டுவோரின் கிட்டியில் குடியானவனும், டெனன்றின் பக்கத்தில் தோட்டத் தொழிலாளியும், நஞ்சில் ஆந்தையும், என் பொறியில் சிப்மங்கும் அகப்பட்டமை வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு காரணத்தவை. வரிதண்டியவர்கள் அறிந்தே இறுக்கினர். ஏனையவற்றிலோ, இலக்கை அறிந்தவரின் சொல் கேட்கப்படாத இடத்தில் பொறி தன் போக்கில் எதையோ பிடித்தது.

இவ்வறிவைத் தக்க பெயரோடு மதிக்க இயலும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2017இல் புளோரிடாவின் மலைப்பாம்புப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சிக்கு இருளரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் வல்லுநர்களாக அழைக்கப்பட்டனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1861இன் ஏட்டில் பெயரின்றி நின்றவர்களின் நிலையோடு ஒப்பிட, இது பெருந்தொலைவு.

தமிழியல் இதில் செய்யத்தக்கவை மூன்று. வட்டாரப் பொறிச் சொற்களைச் செய்முறையோடு தொகுத்தல். இலங்கை மலையகத்திலும் காவிரிப் படுகையிலும் புலம்பெயர் நகரங்களிலும் வாழும் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல். அப்பதிவுகளில் சொன்னவரை ஆசிரியராகக் குறித்தல். எட்டாம் உலகத் தமிழ் மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சாவூரிலேயே கூடியது. நெல் முற்றும் பருவம் அது. மாநாட்டு அரங்குகளிலிருந்து அதிகத் தொலைவில்லாத வரப்புகளில் அன்றும் கிட்டிகள் இருந்திருக்கும்.

மூன்றாவது பணியே கடினமானது என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். இக்கட்டுரையில் அயலவரின் பெயரை முதலிலேயே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அதை நீக்கச் சொன்னார். இங்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் பேத்திக்குத் தாத்தா எலி பிடித்தவர் என்று தெரிய வேண்டாம் என்பது அவர் கூறிய காரணம். நீக்கினேன். அவர் செய்த கிட்டி என் மேசைமீது உள்ளது. அதன் சீட்டில் செய்தவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. அவ்விடத்தில் அவரே தம் பெயரை எழுத முன்வரும் நிலையை உருவாக்குவது இத்துறையின் கடமை.